"ஆர்.சி. கையில இருக்காண்ணே?"

மதுரையில் இருபது வயது தாண்டிய வண்டிக்கு விலை பேசப் போகிறவர் எடுத்த எடுப்பில் வண்டியைப் பார்ப்பதில்லை. "ஆர்.சி. கையில இருக்காண்ணே?" என்றுதான் பேச்சு தொடங்கும். இருக்கிறது என்றால் அடுத்தது, "யார் பேர்ல இருக்கு?" அதற்கும் சரியான பதில் வந்த பிறகே தார்ப்பாய் விலகும். செல்போன் டார்ச் வெளிச்சத்தில் எஞ்சின் நம்பரையும் சேஸ் நம்பரையும் தேடுவார்கள். எல்லா எண்ணும் ஒரே ஆழத்தில் விழுந்திருக்கிறதா, ஏதாவது ஒன்று மட்டும் புது வெட்டாகத் தெரிகிறதா என்று கூட வந்த மெக்கானிக் துருவைத் துடைத்துக் கட்டைவிரலால் தடவிப் பார்ப்பார். சந்தையில் மாட்டுக்குச் சுழி பார்க்கிறவரின் கவனம் அந்த விரலில் இருக்கும். வண்டியைக் கிளப்பிப் பார்ப்பது அதற்கும் பிறகுதான்.

இந்தச் சடங்கு வெகுகாலம் இருசக்கர வண்டிகளுக்கு, அதிலும் யமஹா ஆர்எக்ஸ் 100-க்கு உரியதாக இருந்தது. இப்போது சின்னக் கார்களுக்கும் வந்துவிட்டது. பெட்ரோலைக் குடிக்கிற வண்டி என்று ஒருகாலத்தில் தள்ளிவிடப்பட்ட ஃபியட் பாலியோ 1.6, உற்பத்தி நின்றுபோன ஃபோக்ஸ்வாகன் போலோ ஜிடி, அபார்த் புன்டோ, கோவையில் உருவான டியாகோ ஜேடிபி என்று ஒரு கூட்டத்தைத் தேடித் தேடிப் பிடிக்கிறார்கள். நல்ல நிலையில் இருப்பவற்றுக்கு விலை இறங்குவது நின்றிருக்கிறது. சிலவற்றுக்கு ஏறவும் தொடங்கியிருக்கிறது. கார் வாங்கிய மறுநாளே விலை இறங்கும் என்பது வீட்டுப் பெரியவர்கள் சொல்லிச் சொல்லிப் பழகிய கணக்கு. அந்தக் கணக்கு இந்தச் சில கார்களிடம் மட்டும் ஏன் பொய்க்கிறது, எவ்வளவு தூரம் பொய்க்கும் என்பது கொஞ்சம் நின்று பார்க்க வேண்டிய விஷயம்.

இந்த வகைக் காருக்கு உலகம் வைத்திருக்கும் பெயர் ஹாட் ஹேட்ச். பின்பக்கம் டிக்கி துருத்தாமல், பின்கதவு மேல்நோக்கித் திறக்கிற குடும்பக் கார். அதற்குள் அதன் உருவத்துக்கு மீறிய எஞ்சின். பள்ளிக்குப் பிள்ளைகளை விட்டுவிட்டு, மளிகைச் சாமானை ஏற்றிக்கொண்டு, திரும்பும் வழியில் வளைவுகளில் சீறிக்கொண்டு போகலாம். இந்தச் சூத்திரத்தை ஊரறியச் செய்தது ஃபோக்ஸ்வாகன் கோல்ஃப் ஜிடிஐ. 1975-ல் ஃபிராங்க்பர்ட் கண்காட்சியில் அதைக் காட்டியபோது ஐயாயிரம் கார் விற்றால் போதும் என்பதுதான் நிறுவனத்தின் திட்டம். முதல் தலைமுறை மட்டும் நாலரை லட்சத்துக்கு மேல் விற்றது. 1984-ல் பெஷோ 205 ஜிடிஐ வந்தது. ஐரோப்பாவில் அந்தப் பத்தாண்டின் இளைஞர்களுக்கு இவைதான் கனவு.

கனவுக் கார்கள் நெடுநாள் தங்குவதில்லை. இளைஞர்கள் கையில் அடிபட்டன, மரத்தில் மோதின, திருடுபோயின; பனிக்காலத்தில் சாலையில் தூவும் உப்பில் துருப்பிடித்துக் கரைந்தன. பத்தாம் கை, பன்னிரண்டாம் கைக்குப் போய் அடிமாட்டு விலைக்கு விற்றன. அந்தப் பள்ளத்திலிருந்துதான் விலை மேலேறியது. அன்று சுவரில் படம் ஒட்டி வைத்திருந்த பதினெட்டு வயதுப் பையன் ஐம்பதை நெருங்கும்போது கையில் காசு சேர்ந்திருக்கிறது, கார்தான் இல்லை. 2022 ஆகஸ்டில் இளவரசி டயானா ஓட்டிய கறுப்பு நிற ஃபோர்டு எஸ்கார்ட் ஆர்எஸ் டர்போ ஏலத்தில் 6.5 லட்சம் பவுண்டுக்குப் போனது. அது ஓர் அரச குடும்பப் பெயருக்குக் கிடைத்த விலை, சரிதான். ஆனால் பெயரில்லாத எத்தனையோ ஹாட் ஹேட்ச்கள் புதிதாக விற்ற விலையைத் தாண்டி அங்கே கைமாறுகின்றன.

மதுரைக்கு அந்தக் கார்கள் எதுவும் வரவில்லை. மாருதி 800-ன் முதல் சாவி 1983 டிசம்பர் 14-ல்தான் கொடுக்கப்பட்டது. கார் என்பதே வசதியின் அடையாளமாக இருந்த ஊரில், வேகத்துக்காகக் கார் வாங்குவது யாருடைய கணக்கிலும் கிடையாது. வேகம் வேண்டும் என்று துடித்தவர்களுக்கு இரண்டு சக்கரம் இருந்தது.

1984-லிருந்து இரண்டு மூன்று வருடங்களுக்குள் ஜப்பான் கூட்டில் நூறு சிசி வண்டிகள் அடுத்தடுத்து வந்தன. ஓசூரிலிருந்து டிவிஎஸ் குழுமத்தின் இண்ட்-சுசுகி, ஹீரோ ஹோண்டாவின் சிடி 100, பஜாஜின் கவாசாகி, எஸ்கார்ட்ஸ் கொண்டுவந்த யமஹா ஆர்எக்ஸ் 100. மைலேஜ் பார்த்த குடும்பஸ்தர்கள் ஹீரோ ஹோண்டா பக்கம் போனார்கள். 1985 நவம்பரில் வந்த ஆர்எக்ஸ் 100 வேறு ஆட்களுக்கானது. 98 சிசி டூ-ஸ்ட்ரோக் எஞ்சின், 11 குதிரைத்திறன், மொத்த எடை நூறு கிலோவை ஒட்டி. சின்ன உடம்பு, பெரிய இழுவை. ஐரோப்பாவின் ஹாட் ஹேட்சுக்கு என்ன சூத்திரமோ அதேதான். மேலூர் சாலையிலும் திருமங்கலம் சாலையிலும் முறுக்கிய கணத்தில் முன்சக்கரம் எழும்பப் பார்க்கும் அந்த வண்டிதான் இந்தச் சமவெளியின் ஹாட் ஹேட்ச். கார்களின் விலை எந்தப் பக்கம் போகும் என்று அறிய வேண்டுமானால் அது போன பாதையைத்தான் பார்க்க வேண்டும்.

1996 மார்ச்சில் அதன் உற்பத்தி நின்றது. புகைக் கட்டுப்பாடு இறுகிக்கொண்டு வந்த காலம். டூ-ஸ்ட்ரோக்குக்கு எதிர்காலம் இல்லை என்பது தெரிந்துவிட்டது. அதற்குப் பிறகு ஆர்எக்ஸ் கிராமத்துக்குப் போனது. பால் கேன் கட்டியது, புல்லுக்கட்டு சுமந்தது, தோட்டத்துக்கு உரமூட்டை ஏற்றியது. சங்கிலி பறிக்கிறவன் ஓட்டுகிற வண்டி என்று பெயரும் கெட்டது. மழைக்காலத்தில் கிளம்பாமல் மக்கர் செய்தபோது மாட்டுக்கொட்டத்தின் ஓரத்தில் சாய்த்து வைத்தார்கள். பலவற்றைப் பழைய இரும்புக்காரர் எடை போட்டு எடுத்துப் போனார். வந்த புதிதில் இருபதாயிரம் ரூபாயைத் தொட்டும் தொடாமலும் இருந்த வண்டி, அதில் சிறு பங்குக்குக் கைமாறிய காலம் அது. இன்று ஒழுங்காகப் பூட்டிய ஆர்எக்ஸ் 100 ஒரு லட்சத்தைத் தாண்டினால் யாரும் வியப்பதில்லை.

நினைவு மட்டும் இந்த விலையைக் கொடுத்துவிடவில்லை. நினைவுக்கு விலை உண்டென்றால் அதே காலத்து வண்டிகள் எல்லாமே ஏறியிருக்க வேண்டும். ஆர்எக்ஸ் ஏறியதற்குப் பாதிக் காரணம், அதைப் பிரித்துப் பூட்டத் தெரிந்தவர்கள் இன்னும் இருப்பது. வேப்பமரத்தடியில் சாக்கை விரித்து, காலையில் இறக்கிய எஞ்சினை மாலைக்குள் ஏற்றிவிடுகிற கைகள் மதுரையின் எந்த மூலையிலும் உண்டு. பிஸ்டன் தேய்ந்தால் லேத்துக்குக் கொண்டுபோய் போர் போட்டு அடுத்த சைஸ் பிஸ்டன் ஏற்றலாம். கார்புரேட்டரை மண்ணெண்ணெயில் ஊறப்போட்டு ஊதிவிடலாம். இந்தக் கைப்பழக்கத்துக்கு ஊரே ஒரு பள்ளிக்கூடம். டி.வி. சுந்தரம் ஐயங்கார் 1911-ல் தொடங்கிய பேருந்துத் தொழில் மதுரையை வண்டி பழுதுபார்க்கும் ஊராகவும் ஆக்கியது. இன்றும் வெள்ளரிப்பட்டியில் டிவிஎஸ் ஸ்ரீசக்ரா டயர் வார்க்கிறது, கோச்சடையில் ஃபென்னர் ஆலை பெல்ட் செய்கிறது. ரப்பரும் இரும்பும் கைக்கு வசப்பட்ட ஊரில் பழைய வண்டி அவ்வளவு சீக்கிரம் சாகாது.

விலை ஏறியதும் கள்ளமும் ஏறியது. நசுங்கி அழிந்த வண்டியின் ஆர்.சி.யை மட்டும் விலைக்கு வாங்கி, ஆர்.சி. இல்லாத வேறொரு வண்டியின் எண்ணைத் தேய்த்துவிட்டு ஆர்.சி.யில் உள்ள எண்ணைக் குத்துவது இந்தச் சந்தையின் பெரிய நோய். அப்படிப்பட்ட வண்டியை வாங்கினவர் காவல் நிலையத்தில் வந்து நிற்கும்போதுதான் விஷயம் வெளியே தெரியும். கட்டைவிரல் சோதனை பிறந்தது இதனால்தான்.

கார்களுக்கு வருவோம். ஃபியட் பாலியோ 2001-ல் இந்தியாவுக்கு வந்தது. அதன் 1.6 ஜிடிஎக்ஸ் வகையில் எஞ்சின் 100 குதிரைத்திறன். மாருதி 800-ல் ஏறத்தாழ முப்பத்தேழு இருந்த சாலைகளில் இது வேறு சாதி. விளம்பரத்தில் சச்சின் டெண்டுல்கர் வந்தார். அவர் பெயரைத் தாங்கிய எஸ் 10 என்ற சிறப்புப் பதிப்பும் வந்தது. கதவைச் சாத்தினால் இரும்புப் பெட்டி மூடுகிற சத்தம். ஆனால் நகரத்துக்குள் லிட்டருக்கு எட்டு ஒன்பது கிலோமீட்டர்தான் கொடுக்கும் என்ற பேச்சு பரவியதும், மதுரை மாதிரி மைலேஜ் கேட்டுக் கார் வாங்கும் ஊரில் அதன் கதை முடிந்தது. செகண்ட் ஹேண்ட் விலை சரிந்தது. 2019-ல் ஃபியட் தன் பெயரில் கார் விற்பதையே இந்தியாவில் நிறுத்திக்கொண்டது.

பாலியோவுக்கு இன்று ஆசைப்படுகிறவர்கள் பெரும்பாலும் அன்று அதை வாங்க முடியாதவர்கள். கல்லூரி வாசலில் நின்று அது போவதைப் பார்த்தவர்கள். அவர்களுக்கு இப்போது நாற்பது, நாற்பத்தைந்து வயது. ஆசை இருக்கிறது, பணமும் ஓரளவு இருக்கிறது, உதிரிபாகம் இல்லை. சென்னை புதுப்பேட்டை, கோவை, மும்பை என்று போன் போட்டுத் தேட வேண்டும். வெயிலில் நின்று வெளுத்த டேஷ்போர்டு, கை வைத்தால் ஒடிகிற பிளாஸ்டிக் பிடி, விண்டோ சுவிட்ச் என்று சின்னச் சின்னப் பொருளுக்குத்தான் அலைச்சல் அதிகம். ஒரு பாலியோவுக்கு உயிர் கொடுக்க இன்னொரு பாலியோவை உடைக்க வேண்டியிருக்கிறது. மிஞ்சியிருப்பவை இப்படித்தான் மேலும் குறைகின்றன. குறையக் குறைய முழுசாக இருப்பதற்கு விலை ஏறுகிறது.

காரைச் சோதிக்கும் முறை பைக்கைவிட நுணுக்கமானது. மெக்கானிக் கையில் ஒரு சின்னக் காந்தம் இருக்கும். கதவு, மட்கார்டு, கூரை என்று ஒவ்வொரு இடமாக வைத்துக்கொண்டே போவார். காந்தம் ஒட்டாமல் வழுக்கினால் உள்ளே பட்டி. காந்தம் இல்லாவிட்டால் விரல் முட்டியால் தட்டுவார். தகரம் 'டங்' என்னும், பட்டி அடைத்த இடம் 'டொக்' என்னும். பானெட்டைத் தூக்கி, கீலைப் பிடித்திருக்கும் போல்ட்டின் தலையைப் பார்ப்பார். பெயின்ட் உடைந்திருந்தால் ஸ்பேனர் பட்டிருக்கிறது, அதாவது பானெட் கழன்றிருக்கிறது, அதாவது முன்னால் எங்கேயோ இடித்திருக்கிறது. கடைசியாகப் பின்பக்கக் கம்பளத்தைத் தூக்கி, ஸ்டெப்னி வைக்கும் குழியில் தண்ணீர்க் கோடு இருக்கிறதா என்று பார்ப்பார். 2015-லும் 2023-லும் சென்னை வெள்ளத்தில் மூழ்கிய கார்கள் ஏராளம். டி.என். 59, 58, 64 என்று மதுரைப் பதிவெண் இருந்தால் ஆட்கள் நிம்மதியாக நெருங்குவதற்கு ஊர்ப்பாசம் மட்டும் காரணமில்லை. கடல் உப்புக் காற்று இல்லாத, மழை குறைந்த இந்த நிலத்தில் அடித்தகடு துருப்பிடிப்பது குறைவு. வெயில் எடுத்துக்கொள்வது ரப்பரையும் பிளாஸ்டிக்கையும்தான்.

தமிழ்நாட்டுக்கே உரிய ஹாட் ஹேட்ச்களும் உண்டு. இருங்காட்டுக்கோட்டையில் தயாரான ஹூண்டாய் கெட்ஸ் காரின் 1.5 டீசல் வகை 110 குதிரைத்திறன் கொண்டது. 2007-ல் சின்னக் காரில் அது நம்ப முடியாத எண். அதைவிட முக்கியமானது டியாகோ ஜேடிபி. கார் பந்தயத்தில் ஊறிய கோவையின் ஜெயம் ஆட்டோமோட்டிவ்ஸும் டாடா மோட்டார்ஸும் சரிபாதியாகச் சேர்ந்து உருவாக்கிய நிறுவனத்தின் கார் இது. 2018 அக்டோபரில் 6.39 லட்சம் ரூபாய்க்கு வந்தது. டர்போ எஞ்சின், 114 குதிரைத்திறன், தாழ்த்திய உடல், கியர் கையால் மாற்றுவது. 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 விதி வந்தபோது அதற்கேற்ப எஞ்சினை மாற்றாமல் நிறுத்திவிட்டார்கள். ஒன்றரை வருட ஆயுள். பந்தயக்காரர் கரிவரதன் காலத்திலிருந்து கோவை கட்டி வளர்த்த பந்தய அறிவு ஷோரூம் வாசலைத் தொட்ட அரிய தருணங்களில் அது ஒன்று. இந்தப் பட்டியலில் நாளை உண்மையான கிளாசிக் ஆகப்போவது எது என்று கேட்டால் ஜேடிபியைத்தான் முதலில் சொல்ல வேண்டும். எண்ணிக்கை குறைவு, கதை உண்டு. சாதாரண டியாகோ ஊரெல்லாம் ஓடுவதால் பெரும்பாலான பாகங்களும் கிடைக்கும்.

போலோ விஷயத்தில் அவ்வளவு உறுதியாகச் சொல்ல முடியவில்லை. 2013-ல் வந்த ஜிடி டிஎஸ்ஐ, 105 குதிரைத்திறனும் ஏழு கியர் இரட்டைக் கிளட்ச் பெட்டியும் கொண்டது. 2022-ல் இந்தியப் போலோவின் உற்பத்தியே நின்றபோது அதை வைத்திருந்தவர்கள் விற்க மறுத்தார்கள், விலை நின்றது. 2016-ல் 99 கார் மட்டும் என்று அறிவித்து 25.99 லட்சம் ரூபாய்க்கு இறக்கிய 192 குதிரைத்திறன் போலோ ஜிடிஐ இன்னும் அரிது. ஆனால் அந்த இரட்டைக் கிளட்ச் பெட்டியின் மின்னணு மூளை கெட்டால் செலவு லட்சத்தைத் தொடும். வேப்பமரத்தடியில் அதற்கு வைத்தியம் கிடையாது. லேப்டாப்பும் நிறுவனத்தின் மென்பொருளும் இல்லாமல் கிட்டே போக முடியாது. இருபது வருடம் கழித்து அந்த மென்பொருளை யார் வைத்திருப்பார்கள்? ஆர்எக்ஸை வாழவைத்த கைகள் போலோவை வாழவைக்க முடியாது என்பதை இன்று அதிக விலை கொடுப்பவர்கள் மனதில் வைக்க வேண்டும். 2015-ல் 9.95 லட்சத்துக்கு வந்த அபார்த் புன்டோ, 145 குதிரைத்திறனுடன், கையால் மாற்றும் கியருடன் இருப்பதால் அந்த வகையில் தப்பிக்கிறது. அதற்கு உதிரிபாகம்தான் கேள்விக்குறி.

விலை ஏற்றம் எல்லாமே அன்பால் வருவதில்லை என்பதற்கு இலங்கை நல்ல சாட்சி. 2020-ல் அந்த நாடு வாகன இறக்குமதியை நிறுத்தியது. 2025 பிப்ரவரியில்தான் தனியார் கார்களுக்குத் திறந்தது. இடைப்பட்ட ஐந்து வருடத்தில் மாருதி ஆல்டோ மாதிரியான சாதாரணக் கார்கூட வாங்கிய விலையைப் பலமடங்கு தாண்டியது. அங்கே ஏறியது தட்டுப்பாட்டின் விலை. அதே நாட்டின் யாழ்ப்பாணத்தில் போருக்குள்ளும் மண்ணெண்ணெயில் ஓட்டிக் காப்பாற்றிய ஆஸ்டின் கேம்பிரிட்ஜ்களும் மொரிஸ் மைனர்களும் பிற்பாடு விருப்பப் பொருளாயின. தட்டுப்பாடு தீர்ந்தால் முதல் வகை விலை இறங்கும், இரண்டாவது நிற்கும். மதுரையில் இன்று போலோவுக்குக் கேட்கும் விலையில் இரண்டும் கலந்திருக்கிறது.

இனி ஆர்.சி. இந்தக் கட்டுரையின் கனமான பகுதி இதுதான். தனியார் வாகனத்தின் பதிவு 15 வருடம்; பிறகு ஐந்தைந்து வருடமாகப் புதுப்பிக்க வேண்டும், தகுதிச் சோதனைக்குக் காட்ட வேண்டும், பசுமை வரி கட்ட வேண்டும். 2022 ஏப்ரலில் காருக்கான புதுப்பிப்புக் கட்டணம் 600 ரூபாயிலிருந்து 5,000 ஆனது. பைக்குக்கு 300-லிருந்து 1,000. 2025 ஆகஸ்டில் இருபது வயது தாண்டியவற்றுக்கு மட்டும் அது மறுபடி ஏறி, காருக்கு 10,000, பைக்குக்கு 2,000 ஆனது. தாமதித்தால் விதிப்படி காருக்கு மாதம் 500 ரூபாய். ஐந்து வருடம் தார்ப்பாய்க்குள் தூங்கிய பாலியோவைத் தட்டி எழுப்பினால் அபராதம் மட்டும் 30,000. ஆர்.சி. தாத்தா பெயரில் இருந்து அவர் காலமாகியிருந்தால், வாரிசுச் சான்றிதழ் வாங்கி, எல்லா வாரிசுகளிடமும் கையெழுத்து வாங்கிப் பெயர் மாற்ற வேண்டும். உசிலம்பட்டிப் பக்கமும் வாடிப்பட்டிப் பக்கமும் கொட்டத்தில் கிடக்கும் நல்ல வண்டிகளில் பல, இந்தக் கையெழுத்து சேராததால் இரும்புக்குப் போகின்றன.

மத்திய அரசு 2021 ஜூலையில் பழம்பெரும் வாகனங்களுக்குத் தனிவிதி கொண்டுவந்தது. 'வி.ஏ.' எழுத்துடன் தனிப் பதிவெண், பத்து வருடச் செல்லுபடி, புதிய பதிவுக்கு 20,000 ரூபாய். நல்ல விதிதான். ஆனால் ஐம்பது வயது ஆகியிருக்க வேண்டும். முதல் ஆர்எக்ஸ் 100 அந்தத் தகுதிக்கு வர 2035 ஆகும், முதல் பாலியோவுக்கு 2051. அதுவரை அரசின் கண்ணில் இவை வெறும் பழைய வண்டிகள். வயது ஏற ஏறத் தண்டம் கட்ட வேண்டியவை. ஜெர்மனியில் முப்பது வயதான, மூலவடிவம் கெடாத காருக்கு 'எச்' முத்திரை எண்ணும் வரிச்சலுகையும் கிடைக்கிறது. பழம்பெரும் வாகனங்களின் உலகக் கூட்டமைப்பும் முப்பதைத்தான் எல்லையாக வைத்திருக்கிறது. வருடத்துக்குச் சில நூறு கிலோமீட்டர் மட்டும் ஓடும், மூலவடிவம் மாறாத வண்டிக்கு இங்கேயும் முப்பதை எல்லையாக்குவதில் காற்றுக்குப் பெரிய கேடு வந்துவிடாது. தினமும் புகை கக்கிக்கொண்டு ஊருக்குள் சுற்றும் டூ-ஸ்ட்ரோக்குக்கு அந்தச் சலுகை கூடாது என்பதும் சேர்ந்தே சொல்ல வேண்டியது.

காப்பீட்டிலும் இதே சிக்கல். கணக்குப்படி ஐந்தாவது வருடத்திலேயே காரின் மதிப்பு பாதியாகிவிடுகிறது. அதற்குப் பிறகு பேசி முடிவு செய்துகொள்ள வேண்டும். சந்தையில் லட்சங்களில் பேசும் இருபது வயதுக் காருக்குக் காப்பீட்டில் கிடைக்கும் மதிப்பு மிகச் சொற்பம். கடனும் கிடைப்பது அரிது. முழுக் காசையும் கையில் எண்ணி வைக்க வேண்டும், இடித்தால் நட்டமும் முழுசாக வாங்கியவருடையதுதான். 2025-லிருந்து பெட்ரோல் பங்க்குகளில் பரவலாகக் கிடைக்கும் இருபது விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோலும் இவற்றுக்கு ஒத்துக்கொள்வதில்லை. பழைய ரப்பர்க் குழாய்களும் கேஸ்கெட்டுகளும் உப்பி வெடிக்கின்றன. விவரமான மெக்கானிக்குகள் வண்டி கைக்கு வந்ததும் பெட்ரோல் குழாய் மொத்தத்தையும் மாற்றிவிடச் சொல்கிறார்கள்.

விலை ஏறியதில் ஒரு நன்மை கண்ணெதிரே தெரிகிறது: இரும்புக்குப் போக வேண்டியவை நின்றன. ஒரு கேடும் தெரிகிறது. இருபது வயதுப் பையன் சேமிப்பில் வாங்கி, தானே ஸ்பேனர் பிடித்துப் பழகிய வண்டிகள் இவை. இன்று புரோக்கர் கமிஷனும் சேர்ந்து அவன் கைக்கு எட்டாத உயரத்தில் இருக்கின்றன. பிரித்துப் பூட்டிப் பழக வண்டி கிடைக்காத தலைமுறையிலிருந்து நாளை இவற்றைப் பார்க்கும் மெக்கானிக்குகள் எங்கிருந்து வருவார்கள் என்பது விலைப்பட்டியலில் இல்லாத கணக்கு.

2001-ல் பதிவான முதல் பாலியோக்களின் ஆர்.சி. 2026-ல் மறுபடி புதுப்பிக்க வருகிறது. 2021-ல் 600 ரூபாய் கட்டியவர்கள் இம்முறை 10,000 கட்ட வேண்டும். பிரேக், லைட், புகைச் சான்று எல்லாம் சரிபார்த்து, காரைத் துடைத்து, ஆர்.டி.ஓ. அலுவலக மைதானத்துக்கு எத்தனை பேர் ஓட்டி வருகிறார்கள் என்று அங்கே போய் நின்று எண்ணலாம்.